மறைமுக வாடிக்கையாளர் வேலை நமக்கு ஏற்றதா?

செங்கற்பட்டு வட்டாரச் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லுமிடத்து, அண்மைக் காலமாக ஒரு கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. "கடைக்குப் போய்ப் பொருள் வாங்கினாலே கூலி தருகிறார்களாமே, அதையும் செய்து பார்க்கலாமா, ஐயா?" என்று அங்கத்தினர்கள் வினவுகின்றனர்.

மிஸ்டரி ஷாப்பிங் எனப்படும் இத்தொழில் புதியதன்று. அமெரிக்காவில் 1940-களிலேயே இப்பெயர் வழங்கலாயிற்று. கடையோ ஹோட்டலோ எவ்வாறு நடக்கிறது என்றறிய, அதன் உரிமையாளர் ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்புவிக்கிறார். சென்றவர் தாம் கண்டதைப் படிவத்தில் எழுதி, ரசீதுடன் அனுப்ப வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையெங்கும் விடுதிகள் பெருகியுள்ள நம் பகுதியில் இப்பேச்சு எழுவதில் வியப்பில்லை.

முதற்கண் வரவு செலவைப் பார்ப்போம். கணக்குக்காக மட்டும் கூலி 500 ரூபாய் எனக் கொள்வோம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு சென்று மீளப் பஸ் கட்டணமும் சிற்றுண்டியும் 120 ரூபாய் எனின், மிச்சம் 380. பயணம், கடை, அறிக்கை எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரமாயின், மணிக்கு 76 ரூபாய். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் பின்னர் திரும்ப வரினும், அது வருமானமாகாது. நம் கைம்முதலே திரும்புகிறது. அறிக்கையில் பிழை கண்டால் கூலியும் கிடையாமற் போகலாம். ஆகவே, கடன் வாங்கி இவ்வேலையில் இறங்குவது சற்றும் தகாது.

அடுத்தது காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாத நாளில் நெசவாளருக்கு ஓய்வு உண்டு. ஆனால் தீபாவளிக்குச் சேலை முடிக்க வேண்டிய நாளிலும், அறுவடை நாளிலும் தறியையும் களத்தையும் விட்டுச் செல்வது நட்டமே.

மூன்றாவது மனப்பாங்கு. நாமும் சோதனை செய்பவரே. ஆயினும் நாம் இன்னார் என்பதை அறிவித்துச் செல்கிறோம். மறைவாகச் செல்பவருக்குப் பொறுப்பு இன்னும் மிகுதி. நாம் எழுதும் ஒரு வரியால் அங்கு நிற்கும் பெண்ணின் வேலைக்கு ஊறு நேரலாம். அவள் நம் அண்டை வீட்டு மகளாகவும் இருக்கக்கூடும். கண்டதற்குக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வல்லவர்க்கே இது பொருந்தும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "முதலில் பணம் கட்டுங்கள், பிறகு வேலை" என்பவன் வேலை தருபவன் அல்லன். அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பதிவுக் கட்டணம் செலுத்திய பின்னரே நம்மிடம் வந்தார். பணமும் மீளவில்லை, அழைத்தவனும் அகப்படவில்லை. இவ்வாறு ஏமாந்தோர் நாணித் தாமதியாமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

எனவே, கையில் சிறிது சேமிப்பும், ஓய்வு நேரமும், பிழையின்றி எழுதும் பழக்கமும் உடைய வீட்டுப் பிள்ளைகள் இதனைத் துணை வருவாயாகக் கொள்ளலாம். குடும்பத்தைத் தாங்கும் தொழிலாகக் கொள்ளலாகாது.

மற்றொன்றும் சொல்வோம். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர்களுக்கே உரியது. அதன் கடைக்குள் ஒரு நாள் வாடிக்கையாளராக நுழைந்து, நம் சேலை எவ்வாறு விரித்துக் காட்டப்படுகிறது என்று பார்த்து வாருங்கள். குறை கண்டால் பொதுக்குழுவில் எழுந்து சொல்லுங்கள். அதற்குக் கூலி இல்லை; பயன் மட்டும் நம் எல்லோருக்கும் உண்டு.