கடலில் எல்லைக்கல் ஏது?

எருமப்பட்டிப் பக்கத்தில் இரண்டு காட்டுக்காரர்களுக்குள் வரப்புத் தகராறு மூண்டால், சர்வேயர் வந்து அளப்பார். புதைந்து கிடக்கும் கல்லைத் தேடிக் காட்டுவார். இருவரும் கண்ணால் பார்த்துக் கொள்ளலாம். ராமேசுவரத்து மீனவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

1974-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்தது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குத்தான் அவற்றுக்கு அடையாளம். அவற்றை இணைக்கும் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைலில் செல்கிறது. தண்ணீரில் அது தெரியுமா? நள்ளிரவில் எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துச் செல்லும் படகுக்குக் கோடு எங்கே என்று யார் சொல்வது? தாண்டிவிட்டால் கைது, சிறை, படகு பறிமுதல்.

சொல்வதற்கு இன்று ஒரு கருவி இருக்கிறது. சிலேட்டு அளவுத் திரை. அதில் கடலின் வரைபடம். அதன்மேல் படகு ஒரு சிறு குறியாக நகர்கிறது. நாமக்கல் லாரி டிரைவரின் கைப்பேசிக்கு வழிகாட்டும் செயற்கைக் கோள்களே இதற்கும் துணை. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. லாரி வழி தவறினால் டீக்கடையில் கேட்டுத் திரும்பலாம். கடலில் யாரைக் கேட்பது?

முன்னோர் கோபுரத்தையும் பனையையும் நேர்ப்படுத்தி, வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேர்ப்படுத்தி, ‘பார்’ என்னும் பாறைத்திட்டின் இடத்தைக் கண்டார்கள். அரிய வித்தைதான். ஆனால் கரை மறைந்தால் அந்தக் கணக்கும் மறைந்துவிடும். திரையிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாறையோ, வலை விரித்த இடமோ, ஆள் தவறி விழுந்த இடமோ அப்படியே பதிவாகிறது.

எனினும் கருவி இருந்தால் மட்டும் போதாது. 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில் சென்ற ‘வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு, மொரீஷியசுக்கு வடகிழக்கே பவளத்திட்டு ஒன்றில் இரவில் மோதியது. மின்னணு வரைபடம் படகில் இருந்தது. திட்டும் அதில் இருந்தது. படத்தைச் சுருக்கி வைத்துப் பார்த்தபடியால் கண்ணில் படவில்லை! ஒன்பது பேரும் உயிர் பிழைத்தது தெய்வாதீனம்.

தேர்ந்த மாலுமிகளுக்கே இந்தக் கதி என்றால், பழக்கமில்லாதவரிடம் கருவியை மட்டும் கொடுத்துப் பயன் என்ன? கரையோடு செய்தி பரிமாறவும், எல்லை நெருங்கினால் எச்சரிக்கவும் உதவும் சாதனங்களை ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-இல் தொடங்கியது. நல்ல காரியம். அத்துடன் ஒவ்வொரு துறைமுகத்திலும் தமிழில் பயிற்சி வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும்.

கோடு தெரிந்தும் தாண்டுவோர் இல்லையா? உண்டு. மீன் அங்கே கிடைக்கிறது என்பதே காரணம். நம் இழுவைப் படகுகளால் வலை அறுந்து தவிப்பவர்களும் தமிழ் பேசும் வடஇலங்கை மீனவர்களே. அந்த வழக்கைத் தீர்க்கும் பொத்தான் எந்தத் திரையிலும் இல்லை. அதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் அறியாமல் எல்லை தாண்டி எவரும் சிறைக்குப் போகாதபடி செய்வது இன்றே முடியும். முடிந்ததைச் செய்யத் தாமதம் எதற்கு?