மானுக்கு அம்மை போட்டிருக்கா அண்ணா?

எழுபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, வாந்தி எடுக்காம கொல்லிமலையில இறங்கினவன் வீரன். அப்படி ஒரு வீரனா போன வருஷம் பெரக்கரை நாட்டுல போய் இறங்கினேன். (அங்கே ஊர்க் கணக்கெல்லாம் நாடு நாடாத்தான்.) வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டுறவனுக்கு சனி, ஞாயிறுல நல்லது செய்யணும்னு தோணும் பாருங்க, அந்த வியாதி. ஒரு தன்னார்வக் குழுவோட போயிருந்தேன். வேலை: ஒரு பள்ளிக்கூடச் சுவத்துல படம் வரையணும்.

அங்கே இருக்கிற ஜனங்க மலையாளிகள். கேரளா இல்லீங்க, மலையில வாழுற பழங்குடி. உடனே குழுவுல முடிவு பண்ணிட்டாங்க: "பழங்குடிப் பசங்க, அதனால ட்ரைபல் ஆர்ட் போடலாம்." டிசைன் தேடுற பொறுப்பு நம்ம தலையில. நெட்ல ஒரு வெக்டர் ஃபைல் இறக்கி, புரொஜெக்டர்ல சுவத்துல அடிச்சு, கோடு இழுத்து, புள்ளி வெச்சோம். உடம்பு முழுக்கப் புள்ளி வெச்ச, கொம்புல மரம் மொளச்ச மான். அட்டகாசமா வந்துச்சு.

மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டான்: "அண்ணா, இந்த மானுக்கு அம்மை போட்டிருக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். மலை இறங்கும்போதுதான் உறைச்சது. அவன் கேட்டது சரியான கேள்வி. அந்தப் புள்ளி எதுக்குன்னு எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். அந்த மான் மத்தியப் பிரதேசத்து மான். திண்டோரி மாவட்டம் பாட்டன்கட் கிராமத்துல இருந்து ஜங்கர் சிங் ஷ்யாம்னு ஒரு பர்தான் கோண்டு இளைஞரை, எண்பதுகளோட ஆரம்பத்துல ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபால் பாரத் பவனுக்குக் கூட்டிட்டு வந்தார். வீட்டுச் சுவத்துல இருந்த கோலத்தையும் பாட்டுக்காரப் பரம்பரையோட கதைகளையும் காகிதத்துக்கும் கேன்வாசுக்கும் கொண்டு வந்தவர் ஜங்கர். 2001-ல ஜப்பான்ல இறந்துபோனார். அவர் வழியில வந்த பாணிக்கு 'ஜங்கர் கலம்'னே பேரு. அந்த ஓவியர்கள் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் புள்ளி, கோடு உண்டு. அதுதான் அவங்க கையெழுத்து.

ஆக, நாம 'ஆயிரம் வருஷத்துப் பேரில்லாத நாட்டுப்புறக் கலை'ன்னு நெனைக்கிறது, நம்ம அப்பா காலத்துல, பேரும் ஊரும் உள்ள மனுஷங்க உருவாக்கினது. கையெழுத்தை காப்பி அடிச்சா பேங்க்ல ஃபோர்ஜரின்னு சொல்வாங்க. படப்புத்தகத்துல 'ஃபோக் இன்ஸ்பயர்டு'ன்னு சொல்றாங்க. இதுதான் என் கோபம்.

பஜ்ஜு ஷ்யாமோட 'தி லண்டன் ஜங்கிள் புக்' பாருங்க. 2004-ல நம்ம சென்னை தாரா புக்ஸ் போட்டது. லண்டன்ல ஒரு ரெஸ்டாரன்ட் சுவத்துல வரையப் போனவர், பாத்த ஊரையெல்லாம் மிருகமாக்கினார். பிக் பென் கடிகாரம் சேவல், ஏன்னா அவங்க ஊர்ல நேரம் சொல்றது சேவல். பாதாள ரயில் மண்புழு. அங்கே மிருகம் அலங்காரம் இல்லை, யோசனை. காப்பி அடிக்கிறவன் புள்ளியை எடுத்துட்டு யோசனையை விட்டுடறான். அப்புறம் மானுக்கு அம்மை போடாம என்ன பண்ணும்?

"கலை எல்லாருக்கும் பொது, பாதிப்பே இல்லாம எவன் வரைஞ்சான்?"னு கெளம்புவீங்க. ஒத்துக்கறேன். அதே தாரா, தொண்ணூறுகள்ல 'தி வெரி ஹங்ரி லயன்' போட்டப்போ வார்லி பாணியில வரைஞ்சவர் வார்லிக்காரர் இல்லை, இந்திரபிரமித் ராய்ங்கிற ஓவியர். ஆனா அவங்க அதோட நிக்கலை. 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' வந்தப்போ பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூணு பேருமே புத்தகத்தோட ஆசிரியர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்: பாணியைத் தேடிப் போறதா, ஆளைத் தேடிப் போறதா?

சட்டம் பாத்துக்கும்னும் சொல்லாதீங்க. 2023-ல கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அது 'கோண்டு ஓவியம்'ங்கிற பேரைக் காப்பாத்தும், ஓவியரோட பேரைக் காப்பாத்தாது. பதிப்புரிமை வரைஞ்ச படத்துக்குத்தான், பாணிக்கு இல்லை. அதனால இது சட்டப் பிரச்சினையே இல்லை, மரியாதைப் பிரச்சினை.

நம்ம ஆளுங்களுக்கும் இதே கதிதான். அம்புலிமாமாவுல விக்ரமாதித்தன் முதுகுல வேதாளத்தைத் தொங்கவிட்ட சங்கர், 2020-ல காலமானார். அவர் படத்தையெல்லாம் 'வின்டேஜ்'னு சொல்லி, பேரை விட்டுட்டு, ஃபார்வர்டு பண்றோம். அங்கே 'ஃபோக்', இங்கே 'வின்டேஜ்'. ரெண்டுமே பேரை அழிக்கிற ரப்பர்.

இன்னொரு கொடுமை. கொல்லிமலைக்கா மிருகப் பஞ்சம்? அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாத்தையும் சாய்ச்சுட்டு, கடைசியில புத்துல இருந்த உடும்புல போய்ச் செருகினதா வன்பரணர் புறநானூத்துல (152) பாடியிருக்கார். செம்மேட்டுல ஓரிக்குச் சிலையே இருக்கு. அந்தப் பாட்டு மானுக்கும் புள்ளி உண்டு, ஆனா அது மானோட சொந்தப் புள்ளி. அதையெல்லாம் விட்டுட்டு, பழங்குடின்னா எல்லாம் ஒண்ணுதான்னு, எங்கேயோ இருக்கிற திண்டோரி மானைக் கொண்டுபோய் ஒட்டினேன். திண்டோரிக்காரர் பேரையும் திருடி, பெரக்கரைப் பையனோட சுவத்தையும் திருடினேன். ஒரே அம்புல ரெண்டு. நானும் வல்வில் ஓரிதான் போங்க.

போன மாசம் திரும்பப் போனோம். மானுக்கு வெள்ளை அடிச்சோம். பசங்க கையில பிரஷ்ஷைக் குடுத்துட்டு ஒதுங்கிட்டோம். நம்ம மூணாங்கிளாஸ் இப்போ நாலாங்கிளாஸ். வீட்டைவிடப் பெருசா ஒரு காட்டுப்பன்றி போட்டான். கால் அஞ்சா ஆறான்னு தெரியலை, ஆனா பாத்தா பயமா இருந்துச்சு.

படம் போடுறதுக்கு முன்னாடி, சுவத்தோட மூலையில அவன் மொதல்ல எழுதினது அவனோட பேரைத்தான். நாங்க யாரும் சொல்லித் தரலை.