அகலக்கால் வேண்டாம்!

செல்போன் வியாபாரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. பெயர் பேர்போன். ஊர், நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம். 2013-ல் கம்பெனி தொடங்கியது.

இந்த போனில் ஒரு விசேஷம் உண்டு. பேட்டரி போய்விட்டதா? வாங்கியவரே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி உடைந்ததா? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்! 2023-ல் வந்த பேர்போன்-5க்கு 2031 வரை சாப்ட்வேர் தருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறது. "பழசைத் தூக்கிப் போடு, புதுசை வாங்கு" என்று நடக்கும் தொழிலில் இது பெரிய காரியம்.

இந்தக் கம்பெனி அமெரிக்காவில் முழுசாகக் கடை விரிக்கலாமா? அதுதான் கேள்வி.

யானையும் எலியும்

பேர்போன் 2023, 2024 ஆண்டுகளில் விற்றது ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் போன். ஆப்பிள் கம்பெனி விற்பதோ ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல். அதாவது, நாள் ஒன்றுக்கு 5 லட்சத்துக்கு மேல்! இவர் வருஷம் பூரா விற்பதை அவர் காலை டிபனுக்குள் விற்றுவிடுகிறார்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே போன்களைப் பெரும்பாலும் டெலிபோன் கம்பெனிகளே தவணையில் விற்கின்றன. அவர்கள் தயவு இல்லாதவன் ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

பேர்போன் இதைப் புரிந்துகொண்டுதான் நடந்தது. 2023 ஜூலையில் முரேனா என்ற கம்பெனி மூலமாக பேர்போன்-4 அங்கே போனது. விலை 629 டாலரில் தொடங்கியது. 2025-ல் அடுத்த போனும் அதே வழியில்தான் போனது. சரக்கு இவருடையது, விற்கிற பாடு அவருடையது. புத்திசாலித்தனம்!

ஜொல்லா கதை

பின்லாந்தில் ஜொல்லா என்று ஒரு கம்பெனி. நோக்கியாவில் வேலை பார்த்தவர்கள் 2011-ல் தொடங்கியது. 2014-ல் இந்தியா வரை வந்து போன் விற்றது. 2015 நவம்பரில் பண முடை. ஊழியர்களில் பெரும் பகுதியினரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. வெளிநாட்டுக் கடைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், கையில் காசு குறைவாக இருப்பவனுக்கு ஒரு அடி சறுக்கினாலும் ஆபத்து என்பதற்கு இது சாட்சி.

பேர்போனும் 2023-ல் நஷ்டக் கணக்குத்தான் எழுதியது.

வாக்கே முதல்

அமெரிக்காவுக்குப் போகவே கூடாதா? போகலாம். வெளியூர் வியாபாரம் இல்லாமல் எந்தத் தொழிலும் வளராது. ஆனால் போனுக்கு முன்னால் பேட்டரி போகட்டும், கண்ணாடி போகட்டும். "நீங்களே பழுது பார்க்கலாம்" என்று சொல்லி விற்றுவிட்டு, ஸ்பேர் கேட்டால் "ஆம்ஸ்டர்டாமில் இருந்து வரணும்" என்று கையை விரித்தால் பெயர் கெட்டுப்போகும். 8 வருஷ வாக்கை நம்பி வாங்குகிறவன் ஏமாறக் கூடாது.

சின்னக் கடைக்காரனின் முதல் பணம் அல்ல, சொன்ன சொல். அதைக் கப்பலேற்றும் முன் நன்றாகக் கணக்குப் பார்க்கட்டும்!