நோவு பொறுத்தல் சிகிச்சையாகுமோ?

முழங்கால் மூட்டு மாற்றும் இரண சிகிச்சை செய்துகொண்ட முதியோரைக் காணச் செல்வோர், "சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆறுதல் கூறி மீளுதல் நம்மவர் வழக்கம். அஃது அன்பினாற் கூறுவதே. ஆயினும் மருத்துவ முறைக்கு மாறானது என்பது எமது துணிபு.

சேலம், நாமக்கல் சமவெளியிலே குழித்தறி மிதித்தும், மரவள்ளிக் காட்டிற் குந்திக் களையெடுத்தும் மூட்டுத் தேய்ந்தோர் பலர். 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் இச்சிகிச்சை எளியோர்க்கும் கிட்டுகின்றது. எனினும், அயல்வீட்டார் பட்ட நோவைக் கேட்ட பாட்டிமார், "இருக்கிற காலே போதும்" என்று இருந்துவிடுகின்றனர்.

புதிய மூட்டு வளைந்து பழகவேண்டுவது முதற் சில நாட்களிலேயாம். நோவு மிகின் நோயாளர் காலை அசையார். அசையாத மூட்டு இறுகும். படுத்தே கிடப்போர்க்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஆதலின் நோவு தணித்தல் சிகிச்சையின் ஓர் அங்கமேயன்றி உபசாரமன்று.

இதற்கென அமைந்ததே நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. முன்னர் அதனைக் கவட்டியருகே தொடை நரம்பிற் செலுத்துவர். நோவு தணியும், ஆனால் முழங்காலை நீட்டும் தசையும் தளர்வதால், எழுந்து நின்றோர் விழுதலும் நேர்ந்தது. இக்காலத்திலோ, அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையால், தொடையின் நடுவே உட்புறமாக ரோபிவக்கேன் போன்ற மருந்தைச் செலுத்துகின்றனர். உணர்ச்சி மரக்கும், தசையின் ஆற்றல் பெரும்பாலும் குன்றாது நிற்கும். மூட்டின் பின்புற நோவுக்கு வேறோர் ஊசி வேண்டும். மார்பீன் முதலியன முதியோர்க்குக் குமட்டலும் மந்தமும் தருவன. அவற்றின் தேவையை இவ்வூசி குறைத்துவிடுகின்றது.

1847-இல் எடின்பரோவில் சிம்ப்சன் என்னும் வைத்தியர் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுத்தபோது, வேதத்தைக் காட்டித் தடுத்தோர் உளர். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனுக்கு அயர்ந்த நித்திரை வருவித்தாரன்றோ என்று அவர் விடையிறுத்தார். நல்ல சமாரியனும் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தானேயன்றிப் பொறுமையைப் போதித்தானல்லன்!

ஊசியின் பயன் ஏறத்தாழ ஒரு நாளளவே. அது தீரும் நள்ளிரவில் நோவு திடீரெனப் பெருகுவதுண்டு. ஆதலால் அதற்கு முன்னரே மாத்திரை கொடுத்தல் வேண்டும். "நரம்பு ஊசி உண்டா? அது தீருமுன் யாது தருவீர்கள்?" என்று மயக்க மருந்து வைத்தியரைப் பாட்டிமார் வினவத் துணியார், உடன் செல்லும் படித்த பேரப்பிள்ளைகளே வினவல் வேண்டும்.