மூர்த்தி சிறிதானால் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு என் மகள் வீட்டிலிருந்தபடியே இணையவழித் தேர்வு ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய லேப்டாப்புக்கு வயது ஏழு. பாட்டரி எப்போதோ உயிரை விட்டுவிட்டது; சார்ஜரின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர் மட்டும் புதிது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன டப்பா. அதில் மூன்று போர்ட். ஒன்றில் லேப்டாப். மற்ற இரண்டும் சும்மாதானே இருக்கின்றன என்று என் போனை அதில் செருகினேன். லேப்டாப் திரை பொசுக்கென்று அணைந்துவிட்டது. அது மறுபடி கிளம்பி, தேர்வுப் பக்கம் திறப்பதற்குள் பத்து நிமிடம் போயிற்று. அன்று இரவு வரை மகள் என்னோடு பேசவில்லை.

சார்ஜர் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பழுது இல்லை. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அதை வடிவமைத்தார்களோ, அப்படியேதான் வேலை செய்திருக்கிறது. அதுதான் என்னை உறுத்தியது. அன்றிலிருந்து விசாரித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். 2020 முதல் பெரிய போன் நிறுவனங்கள் சில, பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதையே நிறுத்திவிட்டன. முன்பு அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு பொருளை இப்போது நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்? எத்தனை சிறியது, எத்தனை போர்ட், எத்தனை வாட், என்ன விலை. இந்த நான்கையும் மட்டும் பார்ப்பது போதாது என்பதே என் கட்சி.

1996-இல் யு.எஸ்.பி. முதன்முதலில் வந்தபோது அது தந்தது 5 வோல்ட், அதிகபட்சம் இரண்டரை வாட். இன்று அதே குடும்பத்து டைப்-சி கம்பி வழியே 240 வாட் வரை அனுப்பலாம் என்று 2021-இல் விதி வகுத்துவிட்டார்கள். போனும் சார்ஜரும் கம்பி வழியே பேசிக்கொண்டு, 5 வோல்ட்டா, 9 வோல்ட்டா, 20 வோல்ட்டா என்று முடிவு செய்கின்றன. இங்கேதான் சிக்கல் ஆரம்பம். டப்பாவின் மேல் "65 வாட்" என்று போட்டிருந்தால், ஒவ்வொரு போர்ட்டிலும் 65 என்று பொருள் அல்ல. மொத்தமே 65. சமையலறையில் ஒரு பானைச் சோறு. பந்தியில் மூன்று இலை. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், பெரும்பாலான சார்ஜர்கள் பரிமாறுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று மறுபடி கணக்குப் போடுகின்றன. பாட்டரி நல்லபடி இருக்கும் கருவிக்கு அந்த ஒரு கணம் தெரியாது. பாட்டரி செத்த லேப்டாப்புக்கு அதுவே மின்வெட்டு. என் மகளுக்கு நேர்ந்தது இதுதான்.

இதைத் தவிர்க்க முடியாதா? முடியும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி மின்சுற்று வைத்து, ஒன்றின் பங்கை மற்றது தொடாதபடி செய்யலாம். ஆனால் டப்பா பெரிதாகும், விலையும் ஏறும். சிக்கனமான அமைப்பில் இரண்டு போர்ட்டுகளுக்குப் பின்னால் ஒரே சுற்றுதான் இருக்கும். ஒரு சுற்று ஒரு நேரத்தில் ஒரு வோல்ட்டேஜைத்தான் தர முடியும். எனவே இரண்டிலும் போனைச் செருகினால் இரண்டுமே பழைய 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். "வேகமாக ஏறும் என்றார்களே, ஏறவில்லையே" என்று நாம் போனைத் திட்டுவோம்.

அடுத்தது சூடு. 65 வாட் தரும் சார்ஜரின் திறன் 90 சதவீதம் என்றால், ஏறத்தாழ 7 வாட் வெப்பமாக உள்ளேயே தங்கும். 94 சதவீதம் என்றால் 4 வாட். இப்போது விளம்பரங்களில் அடிபடும் காலியம் நைட்ரைடு என்ற பொருளின் பெருமை இங்கேதான். சிலிக்கனைவிடக் குறைந்த இழப்போடு, மிக விரைவாக மின்சாரத்தை வெட்டி விடுவதால், உள்ளேயிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சிறிதாக்க முடிகிறது. உண்மையான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கனசதுரப் பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால், வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. புதிய பொருளால் மிச்சமான வெப்பத்தையெல்லாம் பெட்டியைச் சுருக்கியே செலவழித்துவிட்டால் நமக்கு என்ன லாபம்? மே மாதத்து தில்லியில் வீட்டுச் சுவரே சுடுகிறது. நல்ல சார்ஜர் சூடு மிஞ்சினால் தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். மட்டமானது குறைக்காது.

சுருங்க மறுக்கும் ஒரு பொருளும் உள்ளே உண்டு. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு எழுகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்பி மின்சாரத்தைச் சீராகத் தர ஒரு கண்டென்சர் வேண்டும். எத்தனை வாட்டோ அதற்கேற்ற பருமன் அதற்கு இருந்தாக வேண்டும். காலியம் நைட்ரைடு வந்தும் இதில் பெரிய மாற்றம் இல்லை. சூடு 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கண்டென்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. டப்பாவைச் சுருக்க வேண்டிச் சின்னக் கண்டென்சரைப் போட்டு, அதைச் சூட்டுக்குப் பக்கத்திலும் வைத்தால், அந்தச் சார்ஜரின் ஆயுள் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியம் உயிர். சார்ஜருக்குள் ஒரு புறம் 230 வோல்ட். மறுபுறம் நம் கையில் இருக்கும் போன். இரண்டுக்கும் நடுவே உள்ள காப்பும், சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான் நமக்குக் காவல். நேர்மையான நிறுவனம் அந்த இடைவெளிக்கு இடம் விட்ட பிறகே மற்றதைச் சுருக்கும். நேர்மையில்லாதவர்கள் கை வைப்பதும் அங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா! உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் சிலுசிலுவென்று ஒரு அதிர்வு தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு முள் சார்ஜரில் எர்த் இல்லை. மின்னிரைச்சலை அடக்க வைத்த சிறு கண்டென்சர் வழியே கசியும் மிக மெல்லிய மின்னோட்டம் அது. தரமான சார்ஜரில் அது ஆபத்தில்லாத அளவுதான். பழுதானாலும் மின்சாரத்தைக் கடத்தாத தனி வகைக் கண்டென்சரை அதற்கென்றே போடுவார்கள். மட்டமானதில் சாதாரணக் கண்டென்சரைப் போட்டுவிட்டால் காவல்காரனே கதவைத் திறந்துவிட்டது போலத்தான்.

சிறிய சார்ஜரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனமான சார்ஜர் தேய்ந்துபோன சாக்கெட்டில் தொங்கி, முள் தளர்ந்து, பொறி பறப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஊருக்குப் போகும் ஒன்றரை நாள் ரயில் பயணத்தில் நான்கு பேருக்கு ஒரே சார்ஜர் என்பது பெரிய சௌகரியம். வீட்டில் குப்பை குறைவதும் நல்லதுதான். ஆகவே அளவு ஒரு நியாயமான கோரிக்கையே. அதை முதல் கோரிக்கையாக வைப்பதுதான் தவறு.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று கருவிகள் செருகினால் எந்தப் போர்ட்டுக்கு எத்தனை வாட் என்ற விவரம் இருக்கிறதா? இல்லாவிட்டால் கீழே வையுங்கள். பி.ஐ.எஸ். பதிவு முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கின்றனவா? 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் பட்டியலில் அடாப்டர்களும் பிற்பாடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த எண் மெய்தானா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்த்துவிடலாம். தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விவரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும் என்ற நிலையை மாற்றுங்கள். எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காக டப்பா ஒரு விரல்கடை பெரிதானால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

எங்கள் வீட்டில் இப்போது லேப்டாப்புக்கு ஒற்றைப் போர்ட் சார்ஜர் தனி, போன்களுக்கு வேறு. மகளும் சமாதானமாகிவிட்டாள்.

கடைசியாக ஒன்று. கோடை விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும்போது அப்பா அம்மாவுக்கென்று நாம் எடுத்துப்போகும் சாமான்களில் இப்போது சார்ஜரும் ஒன்று. நாம் வாங்கிக் கொடுத்தது என்பதற்காகவே அவர்கள் அதை நம்பி, தலைமாட்டில் செருகிவிட்டுத் தூங்குவார்கள். பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.