கல்வட்டம் எவருடையது?

2025ஆம் ஆண்டு தைத் திங்களில் இரும்பின் தொன்மை பற்றிய ஆய்வறிக்கையொன்றைத் தமிழ்நாட்டரசு வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்செல்கின்றதென்பதும், கீழ்நமண்டி ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 என்பதும் அதன் முடிபுகளுட் சில. அதற்கு முன்னர், 2024இல், யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும் அகழ்வு மீண்டும் தொடங்கிற்று. இச்செய்திகளைப் படித்த மாணவனொருவன், வெள்ளவத்தையில் என்னிடம் நன்னூல் பாடங்கேட்பவன், "ஐயா, கல்வட்டங்கள் எல்லாம் தமிழருடையவை என்று இனித் துணிந்து சொல்லலாந்தானே?" என வினவினான்.

விடை கூறுமுன் கல்வட்டமாவது யாதென அறிதல் வேண்டும். பெருங்கற்களை வட்டமாக நிறுத்தி, நடுவே பலகைக் கற்களால் அறை அமைத்து, இறந்தோரின் எலும்பையும் கலங்களையும் கருவிகளையும் வைத்து மூடுதல் அக்கால வழக்கு. ஈரோடு மாவட்டத்தில், நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் இத்தகையன பல உள. நாகபுரியை அடுத்த ஜுனாபாணியிலும் கல்வட்டங்கள் உள. நம் நாட்டில், தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவிற் கற்பலகைக் கல்லறைகளும், பொம்பரிப்பில் ஈமத்தாழிகளும் வெளிப்பட்டன.

இவ்வழக்குத் தமிழர்க்கு உரியதா எனின், உரியதே. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுதலைப் புறநானூற்றிற் காண்கின்றோம். மணிமேகலையும் தாழியாற் கவித்தலை ஈமமுறை ஐந்தனுள் ஒன்றாகக் கூறும். ஆயின், இதனால் மாணவன் கொண்ட முடிபு பெறப்படுமோ? புகையுள்ள இடத்தில் தீயுண்டு. தீயுள்ள இடமெல்லாம் புகையுண்டு எனல் பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிற் புகையில்லை என்பர் தருக்க நூலார். அவ்வாறே, தமிழர் ஈமக்கல் எடுத்தனர் என்பது மெய். ஈமக்கல் எடுத்தோர் யாவருந் தமிழர் என்பது பெறப்படாது.

கல்லுக்கு மொழியில்லை. எழுத்து உடன் கிடைக்குமிடத்தே மொழியைப் பற்றி வழக்காடலாம். கொடுமணலில் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்தன. ஆனைக்கோட்டையில் 1980இல் நிகழ்ந்த அகழ்வில் எழுத்துடைய முத்திரையொன்று கிடைத்தது. ஆண்டெல்லாம் நாம் தலைநிமிர்ந்து பேசலாம்.

இந்நாட்டிலோ, பழங்கல்லைக் கண்டவுடன் அதன் காலத்தை வினவுவாரிலர். எவருடையது என்றே இருசாராரும் வினவுவர். யானும் இளமையில் வகுப்பறையில் அங்ஙனம் முழங்கியதுண்டு. மாணவர் கைதட்டினர், அக்கைதட்டலையே சான்றாகக் கொண்டேன். இன்று அதற்கு நாணுகின்றேன். நம் தொன்மையைப் பிறர் மறுக்குங்காற் சினம் எழுதல் இயல்பே. எனினும், சான்றில்லாத உரிமையை நாம் கோரின், சான்றுள்ள உரிமையும் ஐயத்துக்கு இடமாகும். அவ்விழப்பு நம்மையே சாரும்.

மாணவன் முகம் வாடிற்று. "அப்படியாயின் நமக்கு எஞ்சுவது யாது, ஐயா?" என்றான்.

"எழுத்து எஞ்சும். அதனைப் பிறர் படித்துச் சொல்லக் கேளாது, நீயே படிக்கப் பழகு" என்றேன்.

மறுகிழமை அவன் நன்னூலோடு ஒரு வெற்றுக் கொப்பியும் கொண்டுவந்தான். பிராமி நெடுங்கணக்கை எழுதத் தொடங்கினோம். எனக்கும் சில எழுத்துக்கள் மறந்திருந்தன.