தலைப்பைத் தலைப்பு என்று சொல்லுங்கள்

அறிவியல் கண்காட்சிக்காகக் கணினியில் ஓர் அறிக்கை தயாரிக்கிறீர்கள். தலைப்பை எழுதியதும் என்ன செய்வீர்கள்? அதன் அளவை 16 ஆக்கி, தடித்த எழுத்தாக்கி, நீல நிறம் கொடுப்பீர்கள். இப்படி இருபது தலைப்புகள். கடைசி நாளில் ஆசிரியர், "நிறம் வேண்டாம், அளவு 14 போதும்" என்கிறார். இருபது இடங்களிலும் திருத்த வேண்டும். இரண்டு மூன்று எப்படியும் விட்டுப்போகும்.

ஏன் இந்தத் தொல்லை? உங்கள் கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது வெறும் பெரிய நீல எழுத்து. அது தலைப்பு என்று நீங்கள் கணினியிடம் சொல்லவே இல்லையே!

சொல்வதற்கு வழி உண்டு. வேர்டு, லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருள்களில் 'ஸ்டைல்' என்னும் வசதி இருக்கிறது. முக்கியத் தலைப்புக்கு 'ஹெடிங் 1', உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2' என்று குறித்துவிட்டால், ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றினால் போதும். எல்லாத் தலைப்புகளும் மாறும். பொருளடக்கத்தையும் கணினியே தயாரித்துவிடும். வேர்டில் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 'தீம்' வசதியும் உண்டு. அறிக்கை முழுவதற்குமான நிறங்களையும் எழுத்துருக்களையும் ஒரே தொகுப்பாக அது மாற்றும். ஆனால் தீமின் நிறங்களை விட்டு, நீங்களாக வேறொரு நிறத்தைப் பூசியிருந்தால் அது மட்டும் மாறாமல் நிற்கும்.

இது உங்களுக்குப் பழகிய முறைதான். இயற்பியல் கணக்கில் புவியீர்ப்பு முடுக்கத்தை ஓர் எழுத்தால் குறித்துக்கொண்டே போய், முடிவில் 9.8 என்று இடுகிறோம். அதே கணக்கை நிலவில் செய்ய 1.6 என்று ஓரிடத்தில் மாற்றினால் போதும். முதல் வரியிலிருந்தே எண்ணை எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்க அறிஞர் டொனால்டு கனூத், தம் நூலின் அச்சுப்படி மனநிறைவு தராததால் 1978-இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியது 'லேடெக்'. அதில் எழுதுபவர் "இது பகுதித் தலைப்பு" என்று குறித்தால் போதும். தோற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இயற்பியல், கணித ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இன்றும் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

"நாலு பக்க அறிக்கைக்கு இவ்வளவு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பான் மூலம் உங்கள் அறிக்கையைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவி, 'முடிவுகள்' பகுதியை நொடியில் அடைவார். நீங்கள் பூசிய நீல நிறம் அவருக்கு உதவாது. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

ஆகவே கணினி வகுப்பில் எழுத்தைத் தடிப்பாக்கவும் நிறம் பூசவும் கற்பிக்கும் முன், ஸ்டைலைக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த அறிக்கையை அப்படித் தொடங்கித்தான் பாருங்களேன்!